ஏழு, எட்டு, ஒன்பதைக் காணோம்

"எழுந்திருய்யா நாற்காலியை விட்டு!"

ஆங்கில வாத்தியாரின் வரவேற்பு அது. பூட்டுக்காரர் அசையவில்லை. மூன்று மாடி ஏறி வந்த முழங்கால் அவருடையது. வாத்தியாரின் கோபம் அந்த முழங்காலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"பயப்படாதீங்க சார், நாற்காலியைத் தூக்கிட்டுப் போக மாட்டாரு" என்றாள் மருமகள். "வீட்ல இருக்கறதையே அவர் நகர்த்தறதில்ல."

பூட்டுக்காரர் அவளை முறைத்தார். அவள் அதையெல்லாம் சட்டை செய்கிற ரகம் இல்லை.

பூட்டுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். முப்பது வருஷம் பூட்டுத் திறந்தும் சாவி வெட்டியும் பிழைத்தவர். எவன் வீட்டுப் பூட்டை எவன் உடைத்தான் என்று சொல்லிச் சொல்லியே துப்பறிகிற தொழிலுக்கு வந்து சேர்ந்தார். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆங்கிலம் அறவே கிடையாது. மனிதர்களை நம்புகிற வழக்கமும் கிடையாது. பெற்ற மகன் 'சாப்பிட்டேன்' என்று சொன்னாலும் தட்டை எட்டிப் பார்ப்பார். அந்த மகன் கட்டிக்கொண்டு வந்தவள்தான் இந்த மருமகள். ஆங்கிலம் படித்தவள். வாய் மட்டும் தனியாகப் படித்திருக்கும் போல.

அவர்கள் கையில் இருந்தது ஒரு கடிதம். டைப் அடித்தது, கையெழுத்து இல்லாதது. ஆறு நாளைக்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மருந்தறையில் வேலை செய்யும் பெண் காலாவதியான மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. அவள் லாக்கரைத் திறந்தார்கள். காலாவதியான மாத்திரை மூன்று அட்டை உள்ளே இருந்தது. அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு விசாரணை. எழுதியவன் யார் என்று அதற்குள் தெரியாவிட்டால் வேலை போகும். மருந்து கொடுக்கிற லைசென்சும் போகும். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியாது. அவளுடைய வீட்டுக்காரர்தான் பூட்டுக்காரரைப் பிடித்தார். அவளோ, "எவனும் எனக்காகத் துப்பறிய வேண்டாம்" என்று வாசலிலேயே கதவைச் சாத்தியிருந்தாள்.

மணி ஒன்றரை.

"உங்ககிட்ட எதுக்கு வந்தோம்னா, இந்தக் கடிதத்துல பத்து வரி, பத்து 'ரொம்ப'" என்றாள் மருமகள். "ரியலி, ஹைலி, டீப்லின்னு வரிக்கு ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கு. வந்ததே திரும்ப வரல. 'வெரி' மருந்துக்குக்கூட இல்ல. கோவத்துல எழுதறவன் இப்படித் தேடித் தேடி எழுத மாட்டான். பாடம் படிக்கிறவன்தான் எழுதுவான். ஆஸ்பத்திரி ஆளுங்க இருபது பேரு உங்ககிட்டதானே படிக்கிறாங்க?"

வாத்தியார் கடிதத்தை ஒரே ஒரு நொடி பார்த்தார். பார்த்த கண் உடனே ஜன்னலுக்குப் போனது. பூட்டுக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். தெரியாத பொருளை மனுஷன் இரண்டு தரம் பார்ப்பான். தெரிந்த பொருளைத்தான் அவ்வளவு சீக்கிரம் விடுவான்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கிளம்புங்க."

"கிளம்பறோம். அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுதினது."

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். அதில் தடித்த மையில் பன்னிரண்டு வார்த்தைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. மருமகள் படித்துக் காட்டினாள். 'வெரி' என்பதற்குத் தடை என்று தலைப்பு. மேலே ரியலி. கீழே வர வரக் காரம் ஏறுகிறது. அடியில் அப்சல்யூட்லி.

பூட்டுக்காரர் எழுந்தார். கடிதத்தில் மருமகள் கோடு போட்டு வைத்திருந்த பத்து வார்த்தைகளையும் கட்டை விரலால் ஒவ்வொன்றாக மறைத்துத் திறந்து, சுவரோடு ஒத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. மேடு பள்ளம் தெரியும். எந்தக் கம்பு மேலே நீளுகிறது, எந்த வால் கீழே தொங்குகிறது என்று பார்த்தால் போதும். ஆயிரம் சாவிப் பற்களை ஒத்துப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய வேலை இல்லை.

"தலைகீழாப் பிடிச்சிருக்கார்" என்றார் வாத்தியார்.

"அவருக்கு எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணுதான் சார்" என்றாள் மருமகள்.

பூட்டுக்காரர் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் விரலை ஓட்டினார். பிறகு சொன்னார்.

"கடிதத்துல முதல் ஆறு வார்த்தையும் சுவத்துல இருக்கற அதே வரிசை. அப்புறம் ஏழு, எட்டு, ஒன்பதைக் காணோம். பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு இருக்கு. அதோட நிக்காம, கடைசி வரியில திரும்பி வந்து ஒன்பதைப் பிடிக்குது. ஏம்மா, நீ இதைச் சொல்லவே இல்லையே?"

மருமகள் வந்து பார்த்தாள். "நான் அர்த்தத்தைப் படிச்சேன் மாமா."

"அதான் கோளாறு."

"அந்த மூணு வார்த்தையும் பிடிக்காம விட்டிருப்பாங்களோ என்னமோ."

"மேலேருந்து வரிசையா அள்ளிட்டு வர்றவன் நடுவுல மூணை மட்டும் ஏன் விடப் போறான்? வேணாம்னு விடல. கண்ணுக்குத் தெரியல." அவர் அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து ஓர் இரும்புத் தடியில் படம் காட்டும் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. "போய் ஒவ்வொரு நாற்காலியா உட்காரு."

"இருபதுலயுமா?"

"சம்பளம் வாங்கறேல்ல."

"எப்போ?" என்று கேட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

வரிசைக்கு ஐந்து, நாலு வரிசை. வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. பன்னிரண்டும் தெரிந்தது. கடைசி வரிசையின் நடு நாற்காலியில் உட்கார்ந்ததும் மருமகள் வாயை மூடிக்கொண்டாள். அதுவே ஒரு தடயம்.

"ஆறாவது வார்த்தைக்குக் கீழ பெட்டிதான் தெரியுது மாமா. பெட்டிக்குக் கீழ பத்தாவது."

"பக்கத்து நாற்காலி?"

நகர்ந்து பார்த்தாள். "இங்கேருந்து எல்லாம் தெரியுது."

அந்த ஒரே நாற்காலிதான். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் உட்காருபவரின் வேலையை எழுதி ஒட்டியிருந்தார்கள். மருமகள் குனிந்து படித்தாள். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"மருந்தறை."

வாத்தியார் சிரித்தார். "உங்க கட்சிக்காரியேதான் எழுதியிருக்கா. போய் வீட்டைப் பாருங்க."

படியில் இறங்கும்போது மருமகள் சொன்னாள், "தன் மேலயே ஒருத்தி மொட்டைக் கடிதாசி போடுவாளா? இதுக்கு நீங்க கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்."

"ஒன்பதாவது வார்த்தை அந்த நாற்காலியில தெரியாது. அப்ப கடைசி வரி மட்டும் எங்கேருந்து வந்துச்சு? வாயைச் சாத்திக்கிட்டு நட."

* * *

மருந்தறைப் பெண் விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்ததால்தான் உள்ளே போக முடிந்தது.

"கூப்பிட்டது என் வீட்டுக்காரர். அவர் வேலைக்குப் போயிருக்கார். அங்கேயே போய்த் துப்பறியுங்க."

"கடைசி வரிசை, நடு நாற்காலி" என்றார் பூட்டுக்காரர். "இதை எழுதினது நீ."

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பினாள். எறிந்துவிடுவாளோ என்று மருமகள் ஓரடி பின்னால் போனாள். "என்னைப் பத்தி நானே எழுதினேனா? அந்தக் கடிதத்தை என் கண்ணுலயே காட்டலை அவங்க. புகார் குடுத்தவங்களைக் காப்பாத்தணுமாம், அது விதியாம்."

பூட்டுக்காரர் கடிதத்தை நீட்டினார்.

அவள் படித்தாள். இரண்டாவது வரியிலேயே பெட்டியைக் கோட்டின் மேல் வைத்துவிட்டாள். துணி கருகும் நாற்றம் வந்தது. மருமகள்தான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினாள்.

"இது நான் வகுப்புல எழுதினது" என்றாள். குரல் தாழ்ந்து வந்தது. "புகார்க் கடிதம் எழுதப் பழகணும்னார். அடுத்தவங்களைத் திட்டி எழுதச் சொன்னா ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குள்ள அடிதடி ஆயிடும், அதனால அவங்கவங்க தன்னையே திட்டி எழுதுங்கன்னார். சுவத்தைப் பார்த்து மேலேருந்து வரிசையா எடுக்கணும், ஒண்ணை ரெண்டு தடவை போடக்கூடாது. கால் மணி நேரம். என் வேலையில எது நடந்தா பெரிய தப்போ அதை எழுதினேன். காலாவதி மருந்து." கடிதத்தை மடிமேல் போட்டாள். "இப்ப நான் அங்க போய் 'இதை எழுதினது நான்தான்'னு சொல்லணுமா? தானே ஒத்துக்கிட்டான்னு எழுதிக்குவாங்க. ரொம்ப நல்லா துப்பறிஞ்சிருக்கீங்க."

"கடைசி வரியைப் படி."

"'அவள் லாக்கரைத் தரோலி சோதிக்கவும்.'" அவள் நிமிர்ந்தாள். "இது நான் எழுதல. என் லாக்கரைச் சோதிங்கன்னு நான் எழுதுவேனா? எனக்கு இப்படி ஒரு வார்த்தை இருக்கறதே தெரியாது."

"உன் நாற்காலிக்குத் தெரியாது. கையால எழுதினது எங்க?"

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துத் தூக்கிப் போட்டாள். மருமகள் பிரித்தாள். ஒன்பது வரி. ஒன்பது வார்த்தை. அடியில் சிவப்பு மையில் வாத்தியாரின் குறிப்பு: ஏழு, எட்டு, ஒன்பது விடுபட்டுள்ளன. கையெழுத்து. தேதி. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தியது.

"மாமா," என்றாள் மருமகள், "உங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. போயிடுச்சு."

"டைப் அடிச்சது யாரு?"

"தெரியாது. தனியா காலையில வந்து படிக்கிறவர் ஒருத்தர் இருக்காராம். டைப் பழகறதுக்கு எங்க நோட்டையெல்லாம் அவர்கிட்ட குடுப்பார் வாத்தியார். யாருன்னு சொன்னதே இல்ல. கேட்டா எரிஞ்சு விழுவார்."

"இன்னைக்கும் சொல்ல மாட்டான்" என்றார் பூட்டுக்காரர். "கடிதத்தைப் பார்த்ததும் அவன் மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு. சொன்னா அவன் பிழைப்புல மண் விழும். உனக்கு எதிரி யாரு?"

"எதுக்கு வேண்டாதவளாப் போனேன்னா, மூணு பெட்டி மருந்து வந்துச்சு. தேதி முடிய எட்டு நாள்தான் இருந்துச்சு. உள்ளே வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினேன். அதை வாங்கினவங்க, கொண்டுவந்தவங்க, கையெழுத்துப் போட்டவங்க எல்லாருக்கும் என்மேல வயித்தெரிச்சல். அதுல யாருன்னு நான் எப்படிச் சொல்ல?"

பூட்டுக்காரர் எழுந்து வாசல்வரை போனார். நின்றார்.

"அந்த வாத்தியான் என்னைப் பார்த்ததும் எழுந்திருன்னு கத்தினான். எல்லார்கிட்டயும் அப்படித்தானா?"

"அவர் உள்ளே வந்தா எல்லாரும் எழுந்து நிக்கணும். அவர் சொன்னாத்தான் உட்காரணும். எழுந்திருக்க ஒரு நொடி தாமதமானாலும் அன்னைக்கு முழுக்க நிக்க வெச்சிடுவார். கடைத்தெருவுல அவரைப் பார்த்தாலும் எனக்குக் கால் தானா நின்னுடும்."

பூட்டுக்காரர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். மருமகள் ஆறு வருஷத்தில் இரண்டாம் முறையாக அதைப் பார்த்தாள்.

"அந்தக் கோட்டை விடும்மா, கருகிப்போச்சு. வேற போட்டுக்கிட்டு வா."

* * *

வாத்தியாரை அழைத்து வருவது மருமகளின் வேலையாயிற்று. "சிவப்பு மையும் கையெழுத்தும் உங்களோடதா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். "வராட்டி போலீஸ் வந்து கேட்கும். அவங்க எங்க மாமா மாதிரி நாற்காலியில உட்கார்ந்து கேட்க மாட்டாங்க." வந்தார். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஐந்து மணி. நீள மேஜை. நடுவில் தலைமை டாக்டர் அம்மா. ஒரு பக்கம் தலைமை நர்ஸ். மறு பக்கம் நிர்வாக அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை. டாக்டர் அம்மா சொன்னதன் பேரில் காலையில் கடிதத்தின் நகலைக் கொடுத்தவர் அவர்தான். 'படிச்சுக் காட்ட ஆள் இருக்கா பெரியவரே?' என்று கேட்டுக் கொடுத்தவர்.

"என்ன பெரியவரே, எழுதினவர் கிடைச்சாரா?"

"கிடைச்சுது. பத்து வரியில ஒன்பது வரி இந்தப் பொண்ணு எழுதினது."

மருந்தறைப் பெண் பூட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் ஒரு கொலை இருந்தது.

"கேட்டுக்குங்க டாக்டர்!" அதிகாரி மேஜையைத் தட்டினார். "அவங்க கூட்டிட்டு வந்த ஆளே சொல்றார். இதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு? மனசாட்சி குத்தித் தானே எழுதிப் போட்டிருக்கா. முடிச்சிடலாம்."

"ஏன் அவசரப்படறீங்க?" என்றார் டாக்டர் அம்மா. "பத்தாவது வரி?"

"அதுக்கு ஒரு சாட்சி வெளியே நிக்குது" என்றார் பூட்டுக்காரர். "ஏம்மா, உள்ளே அனுப்பு."

கதவு திறந்தது. ஆங்கில வாத்தியார் உள்ளே வந்தார்.

மருந்தறைப் பெண் எழுந்து நின்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி 'கிறீச்' என்று பின்னால் போனது. நிர்வாக அதிகாரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன.

தலைமை நர்ஸ் அவரையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார் டாக்டர் அம்மா.

"இல்ல... முதுகு பிடிச்சுக்கிச்சு."

"அப்ப உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. கால் மடங்கவில்லை போலும். கண் மட்டும் வாத்தியாரிடம் போய்வந்தது. வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, இருபது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"சிட், சிட்."

அதிகாரி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போனது.

"காலையில தனியா வர்றவர்!" மருந்தறைப் பெண்ணின் குரல் கிளம்பியது. "நீங்களா? என் நோட்டை டைப் அடிக்கிறது நீங்களா?"

"நான் தாள்ல இருந்ததை அப்படியே அடிச்சேன்! ஒரு எழுத்தைக்கூட மாத்தல!"

"அடிச்சது நீங்கதான்னு யாருமே இன்னும் சொல்லலையே" என்றாள் மருமகள்.

பூட்டுக்காரர் நோட்டையும் கடிதத்தையும் டாக்டர் அம்மா முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிவப்பு மையைத் தொட்டுக் காட்டினார். வாத்தியார், "என் கையெழுத்துதான்" என்று முணுமுணுத்தார். டாக்டர் அம்மா ஒன்பது வரியையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். பத்தாவது வரியில் விரல் நின்றது. நோட்டில் அந்த இடம் வெற்றுத் தாள்.

"லாக்கருக்கெல்லாம் மாற்றுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"நிர்வாகத்துல" என்றார் தலைமை நர்ஸ். "இவர் மேஜையில."

"அந்த மூணு பெட்டி மருந்தை வாங்கினது?"

தலைமை நர்ஸ் தலையைத் திருப்பினார். அதிகாரியைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

"சாவியெல்லாம் மேஜைமேல வைங்க" என்றார் டாக்டர் அம்மா. "போலீஸ் வர்ற வரைக்கும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது." பிறகு மருந்தறைப் பெண் பக்கம் திரும்பினார். குரலை இறக்கிக்கொண்டார். "உங்களுக்கு நடந்தது அநியாயம். எவ்வளவு வருத்தப்படறேன்னு எனக்குச் சொல்லவே..."

"எழுதிக் குடுங்க" என்றாள் அவள். "ஆறு நாளைக்கு முன்னால என்னைத் திருடி மாதிரி வாசல்வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டாங்களே, அதைப் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியற மாதிரி ஒட்டுங்க. ரொம்பவும் வேண்டாம், அதுக்கு மேலயும் வேண்டாம். 'அவள் மேல் தப்பில்லை'ன்னு எழுதினா போதும்."

"நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."

"என் ஷிப்ட் இன்னைக்கு எட்டு மணி வரைக்கும்."

மேஜைமேல் கிடந்த சாவிகளில் ஒன்றை அவளே எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நடைவழியில் அவள் பின்னால் பூட்டுக்காரரும் மருமகளும் போனார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று மருமகள் காத்திருந்தாள். பூட்டுக்காரர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மருந்தறையைத் திறந்து விளக்கைப் போட்டாள். முதல் அலமாரியின் முதல் பெட்டியை இறக்கினாள். ஓர் அட்டையை உருவி வெளிச்சத்தில் திருப்பித் தேதியைப் பார்த்தாள். அடுத்த அட்டை. அதற்கடுத்தது.

"இவ்வளவையும் இப்பவே பார்க்கணுமா?" என்றாள் மருமகள். "நூறு பெட்டி இருக்கும் போலிருக்கே."

"ஆறு நாளா இந்தச் சாவி அந்த ஆள்கிட்ட இருந்துச்சு. ஏழு மணிக்கு வார்டுக்கு மாத்திரை போகணும். போறதை யாராவது பார்த்துத்தானே அனுப்பணும்?"

பூட்டுக்காரர் பார்ப்பதற்காக ஒரு கால் எடுத்து உள்ளே வைத்தார்.

"வெளியே நில்லுங்க" என்றாள், தலையைத் தூக்காமலே. "வெளியாளுக்கு உள்ளே அனுமதி இல்ல."

அவர் காலை எடுத்துக்கொண்டார். அவள் வந்து கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.